பவுடர் பட்ட கண்ணாடி

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன் வரிசையில் இருக்கும் சாரின் துணைவியார் ஃப்ளோரன்ஸ் அம்மா அவர்களே, சாந்தோம் பங்கு மக்களே, எங்கள் ஆய்வுக்கூடத் தோழர்களே! பத்து மாதக் குழந்தையை வீட்டில் விட்டு வந்திருக்கிறேன். பேச்சில் பதற்றம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மை விட்டுப் பிரிந்த பேராசிரியர் லியோனார்ட் ராஜநாயகம் அவர்கள் எதைத் தேடினார்? மின்னேற்றிய இரண்டு தட்டுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் பாய்ந்தால் மின்பொறி பறக்கும். அது பாய்ந்த கணத்தை, நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு வரை துல்லியமாகச் சொல்ல வேண்டும். உலோகத் தட்டென்றால் ஓரிடத்துப் பொறி தட்டு முழுவதையும் ஓய்த்துவிடும். பொறி விழுந்த இடம் மட்டும் ஓய, மற்ற இடமெல்லாம் விழித்திருக்கும் கண்ணாடியை அவர் தேடினார். ஆறு வருடம்! பதினாறு தட்டுகள்!

பதினாறாம் தட்டு என்னால் போனது. பிரசவ விடுப்பு முடிந்து வந்த முதல் வாரம். குழந்தைக்குப் பவுடர் பூசிய கையோடு அடையாறு பஸ்ஸைப் பிடித்து வந்து, அப்படியே தட்டைத் துடைத்துப் பொருத்தினேன். மின்சாரம் கொடுத்ததும் பொறி நிற்கவேயில்லை, தட்டு கருகிப்போனது. பட்டறை மெஹபூப் அலி பாய் என் முந்தானையில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தார். "இன்னாம்மா, பாப்பாவுக்குப் போட்ட பவுடர சாரோட கண்ணாடிக்கும் போட்டுட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் ராஜினாமா எழுதினேன்.

சார் படித்தார். கோபித்தாரா? "கொழந்த இருக்கிற வீட்ல பவுடர் இருக்கத்தாம்மா செய்யும். ஒரு தூசுக்கே மொத்தமா எரியிற கண்ணாடிய செஞ்சது என் தப்பு" என்றார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிய கலவையை எழுதினார்: மணல் இவ்வளவு, இரும்புத் துரு இவ்வளவு. பத்திரமாக வைத்துக்கொள் என்று என்னிடமே கொடுத்தார். மறுநாள் முதல் எல்லோரும் முழங்கை வரை கழுவ வேண்டும் என்று சட்டம். முதலில் கழுவியவர் அவர்தான்.

அந்தக் கலவையில் பதினேழாம் தட்டைப் போன சனிக்கிழமை வார்த்தார். மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து திரும்பும் வழியில் மாரடைப்பு. தட்டு இன்னும் உலையில் ஆறிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல் விடும்.

இனி யார் செய்வது, மூடிவிடலாமே என்று அடக்கத்தன்று ஒருவர் கேட்டார். அதற்கு இன்று இந்த அவை முன் பதில் சொல்கிறேன். கலவை வேறெங்கும் எழுதப்படவில்லை; என் ராஜினாமாவின் பின்பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. காலையில் அந்தத் தாளை ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் ஒட்டிவிட்டேன். கலவை மேலே தெரிகிறது. மறுபக்கம் பசையோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை உலையைத் திறக்கிறோம், சார். கை கழுவிவிட்டு வருகிறேன்.