உடன் வந்தோருக்கான மூன்றாம் நாள்

காலை ஒன்பதரைக்குள் வேனில் ஏசி குளிர்ந்திருக்க வேண்டும். ஏறியதும் உள்ளே வெக்கையாக இருந்தால் அன்றைய நாள் போய்விட்டது. அதன் பிறகு எதைக் காட்டினாலும் அவர்கள் முகம் மாறாது.

என் தொழில் இதுதான். தேனியில் மாநாடு நடந்தால், வந்தவர்கள் ஹோட்டல் அரங்குக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு கிளம்பி வந்த மனைவி, கணவன், மாமியார் ஆகியோரை மூன்று நாள் ஊர் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. அழைப்பிதழில் 'உடன் வந்தோர் சுற்றுலா' என்று போடுவார்கள். வேனின் முன்பக்கம் மைக் பிடித்து நிற்பவன் நான். பெயர் கர்ணன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

காட்டுவதற்கு இங்கே குறைவில்லை. வைகை அணை, திராட்சைத் தோட்டம், சுருளி அருவி, போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடம். ஆனால் உடன் வந்தோர் கடல் பார்த்துவிட்டு வருகிறவர்கள். போன மாநாடு விசாகப்பட்டினத்தில் நடந்திருக்கும், அதற்கு முந்தியது கொச்சியில். அணையின் மேல் நிற்கும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "வைசாக்ல நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளயே ஏத்திக் காட்டுனாங்க." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அவர்களை எனக்குப் பிடிக்காது. தோட்டத்துக்காரர் கொடுக்கும் பன்னீர் திராட்சையை வாங்கிக்கொள்வார்கள். வேனில் உட்கார்ந்து தின்றுவிட்டு, மென்ற தோலைச் சீட்டின் பின்பையில் துப்பி வைப்பார்கள். தினமும் மாலையில் அந்தப் பைகளுக்குள் கையை விட்டுச் சுத்தம் செய்தவன் நான். கொழகொழவென்று இருக்கும். ஈரக் காகிதம், பல் குத்திய குச்சி, ஒருமுறை பல்செட்டே கிடந்தது. கிராமத்து ஆட்களோடு கைகுலுக்குவார்கள். வேனில் ஏறியதும் ஒரு சின்ன பாட்டில் கைமாறும். எல்லோரும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வார்கள்.

இருந்தாலும் அவர்கள் சலித்துப்போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேலை சரியில்லை என்று அதற்கு அர்த்தம்.

2005இல் சுருளியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சாவு ஊர்வலம் எங்கள் வேனை நிறுத்திவிட்டது. கொட்டு, வேட்டு, ரோடு முழுக்கப் பூ. இறந்தவர் நூறு வயதை நெருங்கியவர், கல்யாணச் சாவு. நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடி போட்டுவிட்டுத் தூக்கி வந்தார்கள். பேரன்மார் ஆடினார்கள். நான் மைக்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அரை மணி நேரம் அவர்களை ஏற்ற முடியவில்லை. அன்று மாலை ஹோட்டல் வரை வேனுக்குள் ஒரே பேச்சு. கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மாநாட்டுக்காரர்கள் போன் செய்தபோது முதலில் அதைத்தான் கேட்டார்கள். "அந்த ஊர்வலம் உண்டா?"

நான் கொட்டு அடிப்பவர்களோடு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த ஊரில் சாவு விழுந்தாலும் அவர்களுக்குத் தகவல் போய்விடும். இந்தப் பள்ளத்தாக்கில் ஊர்கள் நெருக்கம். மூன்று நாளைக்குள் எங்காவது ஒன்று அமைந்துவிடும். இரண்டு மாநாடுகளுக்கு அப்படி அமைந்தது. யாருக்கும் நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. செத்த வீட்டுக்கு மாலையோடு போனேன். வேட்டு வாங்கிக் கொடுத்தேன். வெளியூர்க்காரர்கள் வந்து நிற்பதை அந்த வீட்டுக்காரர்கள் பெருமையாகத்தான் நினைத்தார்கள்.

2008 மாசியில் பழப்பயிர் விஞ்ஞானிகள் மாநாடு வந்தது. செவ்வாய் முதல் வியாழன் வரை. ஞாயிற்றுக்கிழமையே கொட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டேன். கம்பம் முதல் ஆண்டிபட்டி வரை ஒருவரும் சாகிற நிலையில் இல்லை. அந்த வாரம் எல்லோரும் நன்றாக இருந்தார்கள்.

உத்தமபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெரியம்மா சோணையம்மாள் படுக்கையில் இருந்தாள். என் அம்மாவுக்கு மூத்தவள். எழுபத்தைந்து வயதுக்கு மேல். கார்த்திகையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மகன் கோட்டைச்சாமி வீட்டில் கிடந்தாள். தை மாதம் கஞ்சி இறங்காமல் போனபோது, நெருங்கிய சொந்தங்களைக் கூப்பிட்டு எண்ணெய் தேய்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கம் சில வீடுகளில், எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று தெரிந்துவிட்ட முதியவர்களுக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்து, குளிரக் குளிர ஊற்றி, இளநீர் கொடுப்பார்கள். காய்ச்சல் வரும். பிறகு முடிந்துவிடும். அதைப் பற்றி ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. முடிவெடுத்தது அந்தக் குடும்பம். நான் தேதியை மட்டும்தான் குறித்தேன்.

தையில் முடிவு செய்தார்களே தவிரச் செய்யவில்லை. அதற்குள் பெரியம்மா சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமை நான் போனபோது கோட்டைச்சாமி அண்ணன் பந்தலுக்குக் கீழே நின்று திராட்சைக் கொடியைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, ஆத்தா இப்ப நல்லாத்தான இருக்கு. நேத்து ரெண்டு இட்டிலி தின்னுச்சு."

"தின்னது எங்கண்ணே போகுது? படுக்கையிலதான போகுது. அண்ணிதான அள்ளுறாக."

கத்தரிக்கோலை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தை மாசம் சொந்தக்காரவுகளக் கூட்டி வச்சு முடிவு பண்ணுனது நீங்கதான. நானா பண்ணுனேன்?"

"அப்பக் கஞ்சிகூட எறங்கல. இப்ப எந்திரிச்சு உக்காருதுலே."

"உக்காந்து?" என்றேன்.

வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணி சந்தனம்மாள் சிரித்தாள்.

"கொழுந்தனாருக்கு என்ன இம்புட்டு அவசரம்?"

"வியாழக்கிழமை வெளியூர் ஆளுக வாராக அண்ணி. பூப்பல்லக்கு, ரெண்டு செட்டுக் கொட்டு, எல்லாம் என் பொறுப்பு."

"மூணு மாசமாக் கெடக்கு, எட்டிப் பாக்க ஒரு நாதி இல்ல. செத்தா மட்டும் வேன் வச்சு வருவாகளாக்கும். எங்காத்தாளுக்கு ஒத்தக் கொட்டுக்கு வழியில்ல, மாமியாளுக்கு ரெண்டு செட்டாம்."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் போனேன். அந்த அறையின் வாடையை நான் சொல்ல வேண்டும். மூத்திரம், புண்ணுக்குப் போடும் மருந்து, பழைய சோறு மூன்றும் கலந்து சுவரில் ஊறியிருந்தது. அவள் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். தொட்டால் கையில் ஒட்டியது. வேனின் சீட்டுப் பைகள் ஞாபகத்துக்கு வந்தன. சுத்தம் செய்கிறவன் குமட்டலைப் பார்க்கக் கூடாது. அண்ணி வெளியே போய்விட்டாள். எண்ணெயை நானே தேய்த்தேன். இளநீரை நானே கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை. குளித்து முடித்ததும் காபி கேட்டாள்.

ஒன்பதரைக்கு வேனில் ஏசி குளிர்ந்திருந்தது.

புதன்கிழமை மாலை ஒரு தவறு நடந்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும், ஹோட்டல் வாசலில் இறக்கிவிடும் முன்பு, மறுநாள் நிகழ்ச்சியை மைக்கில் அறிவிப்பது என் பழக்கம். மறுநாளுக்கு அவர்களை ஏங்க வைக்க வேண்டும், அதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். அன்று அணையிலும் தோட்டத்திலும் அவர்கள் முகம் செத்துக் கிடந்தது. நான் மைக்கை எடுத்து, நாளை மதியம் உத்தமபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் பாரம்பரியமான கல்யாணச் சாவு ஊர்வலம் பார்க்கப் போகிறோம் என்றேன். கை தட்டினார்கள்.

இறங்கிய பிறகுதான் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"காச்சல் இருக்குலே. ஆனா வாய் தெளிவாப் பேசுது. வெத்தலை கேக்குது" என்றார்.

அறிவித்துவிட்டேன். அறிவித்ததை ரத்து செய்தால் கடல் இருக்கும் ஊர்களோடு நாம் போட்டியே போட முடியாது.

வியாழக்கிழமை விடியும் நேரத்தில் மறுபடி போனேன். கையில் பால் டம்ளர். சாகிறவர்கள் வாயில் பால் ஊற்றுவது எல்லா ஊரிலும் உண்டு. பால் ஊற்றும்போது மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதிக நேரம் ஆகவில்லை. அண்ணன் கதவுக்கு வெளியே பல் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஊர்வலம் குறையில்லாமல் நடந்தது. வேன் போய் நின்றபோது கொட்டு சரியாக ஆரம்பித்தது. பெரியம்மாவுக்குப் பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். உடன் வந்தோர் சுற்றிலும் நின்று படம் பிடித்தார்கள். ஒரு பேராசிரியரின் மனைவி, தாடையைக் கட்டிய துணி முகத்தை மறைக்கிறது, கொஞ்சம் தளர்த்த முடியுமா என்று கேட்டார். தளர்த்தினேன். வாய் திறந்து பால் வழிந்தது. அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ கொடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி நிற்க இடம் கொடுத்தேன். இரண்டு பெண்கள் கொட்டுக்கு ஏற்ப ஆடிப் பார்த்தார்கள். ஒருவர் தூரத்தில் நின்று கைமுறுக்கு தின்றுகொண்டிருந்தார். வேனில் ஏறியதும் பாட்டில் கைமாறியது. இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்டான அருவருப்பை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சாவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒருவர் மட்டும் படம் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த விஞ்ஞானி ஒருவரின் மனைவி, சுகிர்தம். அவர் போய்ப் பெரியம்மாவின் தலையைத் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு வேனில் எனக்குப் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மா எப்பத் தவறுனாக?"

"இன்னிக்கு விடியக்காலம் மேடம்."

"நேத்து சாயங்காலமே சொன்னீகளே, இன்னிக்கு ஊர்வலம்னு."

நான் டிரைவரைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்தான்.

"எனக்குப் பொறந்த ஊரு போடிதான் தம்பி. எண்ணெ தேச்ச தலை எனக்குத் தெரியாதா?"

மற்றவர்கள் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஹோட்டலில் இறங்கியதும் அவர் நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறார். மாநாட்டு விருந்துக்குக்கூட நிற்கவில்லை.

நான் செய்ததை மறுக்கவில்லை. எண்ணெய் தேய்த்தது நான், பால் ஊற்றியது நான், மூக்கைப் பிடித்தது நான். அவள் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். சித்திரைக்குள் நடந்துவிடுவாள் என்று மருத்துவர் சொன்னதும் தெரியும். ஆனால் அந்த ஊரில் அப்படி ஒரு பல்லக்கு யாருக்கும் கட்டியதில்லை. நான் அவளுக்கு அதைச் செய்தேன்.

அவளுக்குத் தெரியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தெரியாது. அதில் நான் கவனமாக இருந்தேன். வேனில் வருகிறவர்களைப் பற்றி அவள் காதுபட யாரும் பேசவில்லை. பயப்படவில்லை, அழவில்லை, என் கையைத் தட்டிவிடவில்லை. தூக்கத்தில் போவது போலப் போனாள். நான் கழுத்துக்குக் கீழே கை கொடுத்து டம்ளரை வாயருகே கொண்டு போனபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பெற்ற மகனைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஏலே கர்ணா, ஒன் ஆளுக எத்தனை மணிக்கு வாராக?"