மன்னிப்பு ஞாயிறும் ஊசிப்புழுவும்

“உன் தக்காளியில மட்டும் ஒரு ஓட்டைகூட இல்லையே, எப்படிம்மா?” என்று பக்கத்து வீட்டு தோன்கா அக்கா ஒருமுறை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. கரும்பலகைக்கு முன்னால் நிற்கச் சொன்னதற்காகவே ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் தக்காளி என்றால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பாத்திக்கு நடுவே துளசியும் சாமந்தியும் வைக்க வேண்டும், செந்தட்டி இலையை ஊறவைத்துப் புளிக்கவிட்டுத் தெளிக்க வேண்டும், காலையில் எழுந்ததும் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அக்கா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். நல்லவள்.

எங்கள் ஊரில் ஒருவரை எடைபோட அவர் வீட்டுத் தக்காளியை அறுத்துப் பார்த்தால் போதும். என்னுடையது அம்மா விட்டுப்போன ரகம். ரோஜா நிறம், ஒன்றை இரண்டு கையால்தான் ஏந்த முடியும். மேலே கொஞ்சம் வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டால், ரக்கியாச் சாராயம் குடிக்க வந்த விருந்தாளி ரக்கியாவை மறந்துவிடுவார். அம்மா போன பிறகு என்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள் என்றால், அது எனக்காக இல்லை, அந்தத் தக்காளிக்காக. எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

பிறகு ஊசிப்புழு வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சி முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டிக்கொண்டு போகும். மேலே தெளிக்கும் எதுவும் அதைத் தொடாது. அந்தக் கோடையில் விதைக்கென்று கொடியில் விட்டிருந்த பழங்களைக்கூடத் துளைத்துவிட்டது. ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவு விதை மிஞ்சியது. இன்னொரு கோடை அப்படிப் போனால் அம்மாவின் ரகம் இல்லை. என் வீட்டு வாசலை மிதிக்கவும் ஆள் இல்லை.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டப்படவில்லை. தோன்கா அக்காவின் கணவர் வெலிகோ அண்ணன் சோம்பேறி. இனிமையான மனிதர், ஆனால் சோம்பேறி. இலையுதிர் காலத்தில் ஊரே பழைய கொடிகளைப் பிடுங்கிக் கொளுத்தும். அவர் மட்டும் தன் பசுமைக்குடிலில் அவற்றை அப்படியே தொங்கவிட்டிருப்பார். அதற்குள்ளேயே ஒரு விறகடுப்பை மூட்டி, குளிர் முடிவதற்குள் நாற்றும் போட்டுவிடுவார். பூச்சிக்கு வெதுவெதுப்பான வீடு, பக்கத்திலேயே இளசான சாப்பாடு.

நான் போய்க் கேட்டேன். மூன்று வார்த்தை பேசவே வியர்க்கிறவள், கேட்டேன்.

“அட விடும்மா,” என்றார். “இந்தக் குளிர்ல அதுங்க எங்க போகும்? நான் என்ன வாடகையா கேக்கிறேன்?”

நானே வந்து பிடுங்கிப் போடுகிறேன் என்றேன்.

“என் குடில்ல கை வெச்சே, உன் கோழியப் புடிச்சு சூப் வெச்சிருவேன் பாத்துக்க,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவரிடம் யாருக்கும் கோபம் வராது.

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்புக்கு முந்தைய ஞாயிறு எங்களுக்கு மன்னிப்பு நாள். சின்னவர்கள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர்கள் மன்னித்தேன் என்று சொல்லியே ஆக வேண்டும். எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை. இருட்டத் தொடங்கியதும் மேட்டில் தீ மூட்டுவார்கள், ஊரே போய் அதைத் தாண்டிக் குதிக்கும். அன்றைக்கு எந்தப் பக்கம் புகை எழுந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டேன். சற்று அதிக நேரம் பிடித்திருந்தேன் போலிருக்கிறது.

“என்னம்மா, வருஷம் முழுக்கச் சேத்து வெச்சிருந்தியா?” என்றார்.

“ஆமாண்ணே. வரப்போறதையும் சேத்துதான்.”

“அடி சக்கை. சரி, வரப்போறதையும் சேத்தே மன்னிச்சாச்சு. கடவுளும் மன்னிக்கட்டும்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. தோன்கா அக்காவும் அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் மேட்டுக்குக் கிளம்பிய பிறகு வேலியைத் தாண்டினேன். குடில் வாசலில் அவருடைய ரப்பர் காலணிகள் கிடந்தன. நாற்றுக் காலத்தில் அடுப்புக்கு விறகு போட அவர் உள்ளேயே படுத்துக்கொள்வார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவருக்கு இரண்டு ஜோடி காலணி இருக்கக் கூடாதா என்ன? நல்ல காலணிகள், வீணாகக் கருக வேண்டாம் என்று தள்ளி வைத்தேன். பூச்சி வெளியே பறந்துவிட்டால் செய்ததெல்லாம் வீண் என்பதால் கதவைக் கம்பியால் கட்டினேன். கதவிடுக்கு வழியாகத் தீ வைத்தேன், காய்ந்த கொடி சீக்கிரம் பற்றிக்கொண்டது. உள்ளே யாரோ இருமினார்கள். அந்துப்பூச்சி இருமாது என்பது எனக்குத் தெரியும். படிப்பை விட்டவள்தான், ஆனாலும் அது தெரியும். இருமல் நிற்கும்வரை நின்றிருந்தேன். பாதியில் அணைந்துவிட்டால் மறுபடி கொளுத்துவது சிரமம்.

பிறகு மேட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக எல்லோர் எதிரிலும் தீயைத் தாண்டினேன். கைதட்டினார்கள்.

அடுப்பிலிருந்து பொறி பறந்திருக்கும் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். சாம்பலை அள்ள நானும் போனேன். கம்பியை எடுத்து வந்துவிட்டேன், கோழிக் காலில் குத்தும். அதற்கடுத்து வந்த கோடையில் பழங்கள் எப்படி வந்தன என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோன்கா அக்காவுக்குத்தான் முதல் கூடை.

இந்த வருஷம் அதே ஞாயிற்றுக்கிழமை, நான் அவள் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அவளே என் பசுமைக்குடிலுக்கு வந்துவிட்டாள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லையாம். நாற்றுகளின் நடுவே நின்று அவள் கையை முத்தமிட்டேன். அவள் என் தலையைத் தடவினாள்.

“ஒண்ணுதான்மா எனக்கு இன்னும் புரியல,” என்றாள். “அந்தக் கதவு தள்ளினாலே திறந்துக்கும். அவரு ஏன் வெளிய வரல?”

என்னிடம் இவ்வளவு மென்மையாக யாரும் எதையும் கேட்டதில்லை. பொய் சொல்லத் தோன்றவில்லை.

“நான் கம்பி போட்டிருந்தேன்கா. பூச்சி வெளிய வந்துடுமேன்னு.” அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். “அண்ணன்தான் முன்னாடியே மன்னிச்சிட்டாரே. நீங்களும் கேட்டீங்கல்ல?”

ஒரு நாற்றின் இலையைத் திருப்பிக் காட்டினேன். சுத்தமாக இருந்தது. “பாருங்கக்கா, ஒரு கோடுகூட இல்ல.”

அவள் இலையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லியே ஆக வேண்டிய பதிலுக்காகக் கையை விடாமல் காத்திருந்தேன். அக்கா ஒவ்வொரு விரலாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள், மேலங்கியில் அதைத் துடைத்தாள், நாற்றுகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து வெளியே போனாள்.