நான்காவது விரல்

வயோலாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இது வயலின்தானே?" அதைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கொஞ்சம் கனத்தது என்று இருபத்திரண்டு வருடங்களாகச் சொல்லிவருகிறேன். பொறுமை எனக்குக் கூடப்பிறந்தது. தங்கையும் கூடப்பிறந்தவள்தான். இந்த விசாரணைக் குழு உட்கார்ந்திருப்பது அவள் கையைப் பற்றி என்பதால், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுக்கு வில்லைப் பிடிக்கவும் தோளைத் தளர்த்தவும் கற்றுக்கொடுத்தது நான். என்னைவிட நன்றாக வாசிக்க மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை; அதை அவளாகவே எங்கோ பழகிக்கொண்டாள்.

எங்கள் இசைக்குழுவில் வயோலாவுக்கென்று வருடத்தில் ஒரே ஒரு தனிக் கச்சேரி. பதினான்கு வருடம் அதை வாசித்தது நான். போன வருடம் இசைக்குழுத் தலைவர் என்னை அழைத்தார்.

"இந்தத் தடவை தங்கச்சி வாசிக்கட்டுமே. நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க."

எவ்வளவு கரிசனம். நான் ஓய்வு கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தங்கைதான் தயங்கினாள். "நீ இருக்கும்போது நான் எப்படிக்கா?"

"சும்மா வாசிடி. எனக்குத்தான் பெருமை," என்றேன். பெருமைப்படவும் செய்தேன், இரண்டு நாள்.

மூன்றாவது வாரம் இடது கையை உதறிக்கொண்டே வந்தாள். "சுண்டு விரல் மரத்துப்போகுதுக்கா. முழங்கையிலேர்ந்து சுருக்குனு இழுக்குது." நாங்கள் கட்டைவிரலை எண்ணுவதில்லை, சுண்டு விரல் எங்களுக்கு நான்காவது. அது இல்லாமல் வயோலா இல்லை. உடனே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பரிசோதனை முடிவு வந்த அன்று அவளுக்கு ஒத்திகை இருந்தது. அக்கா எதற்கு இருக்கிறாள்? நானே போய் வாங்கினேன்.

"நரம்பு நசுங்கியிருக்கும்மா," என்றார் மருத்துவர். "மூணு மாசம் வாத்தியத்தைத் தொடவே கூடாது. மீறி வாசிச்சா அந்த விரல் திரும்ப வராது. கட்டாயம் சொல்லிடுங்க."

தெளிவாகத்தான் சொன்னார். அந்தத் தாளை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இரண்டு முறை படித்தேன். அவசரப்பட்டு முடிவெடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

"டாக்டர் என்னக்கா சொன்னார்?"

"தசைப்பிடிப்புதானாம். விடாம பயிற்சி பண்ணினா தானா இளகிடுமாம்."

நம்பினாள். ஆசிரியரை நம்பாத மாணவி எங்கே உருப்படுவது? நான்கு மணி நேரப் பயிற்சியை ஆறாக்கினேன். என்னுடைய பெரிய வயோலாவையும் கொடுத்தேன்; அதில் விரல்கள் இன்னும் அகலமாக விரிய வேண்டும். அவள் கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டாள்.

கச்சேரி அன்று பாதியில் அந்த விரல் தந்தியில் இறங்கவில்லை. யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் வயோலா வரிசையின் முதல் நாற்காலியில் இருந்தேன். எழுந்து, அவள் விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தேன். தற்செயலாக எனக்கு முழுவதும் மனப்பாடமாக இருந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது. 'தங்கையைத் தாங்கிய அக்கா' என்று பத்திரிகையில் போட்டார்கள். தலைப்பு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு, தான் எச்சரித்திருந்ததாக மருத்துவர் உங்களுக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் அவளை விசாரித்தீர்கள். "எங்கக்கா அப்படிப்பட்டவ இல்ல. டாக்டர்தான் சொல்ல மறந்துட்டுப் பொய் சொல்றார்," என்றாளாம். அதனால்தான் இன்று நானாகவே வந்தேன். ஒரு நல்ல மனிதர்மேல் வீண்பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவர் சொன்னார். நான் மறைத்தேன். விரல் போய்விடும் என்று தெரிந்தேதான் வாசிக்க வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் முடித்தால் நல்லது. அந்தக் கையால் அவளுக்கு இப்போது சட்டைப் பொத்தான்கூடப் போட வருவதில்லை. தினமும் காலையில் நான்தான் போய்ப் போட்டுவிடுகிறேன். நான் இல்லையென்றால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.