முதல் கை விதை

அட, மோர் வேணாம்னு சொல்லாதீங்க தம்பி. இந்த வெயில்ல வரப்பச் சுத்திட்டு வந்துருக்கீங்க. நெலம் பேச வந்தவங்க மோர் குடிக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் சட்டம் இருக்கா? குடிங்க. உப்பு போதுமா?

ஆமா, எம் மவன் மதிவாணன் போன்ல சொன்னான். சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டே வெல பேசிட்டானாம். ஆளு வருவாரு, காட்டும்மான்னான். நீங்களே போய்ப் பாத்துட்டு வந்துட்டீங்க, எனக்கு ஒரு நடை மிச்சம். என்ன, பக்கத்து வயல் பயிர் ஜோரா இருக்கா? மேலண்டையில கருகருன்னு நிக்குதே, அதானே? இருக்கட்டும், அதுக்கு வரேன்.

எனக்கு சம்மதமான்னு கேக்குறீங்க. பரவால்ல, நீங்களாச்சும் கேட்டீங்க.

எங்க வீட்டுக்காரரு பஞ்சநதம் தை மாசம் போய்ச் சேந்தாரு. நல்ல மனுஷன்தான். விதை ஊற வைக்கிறது நான், மடை திருப்புறது நான், களை எடுக்குறது நான். நெல்லு வித்த காசு மட்டும் நேரா அவரு சட்டைப் பையில போயி ஒக்காந்துக்கும். அந்தச் சட்டையத் தொவைச்சதும் நாந்தான், அத விடுங்க.

இப்ப மவன் சொல்றான், வித்துட்டு சென்னையில ஒம் மருமவளோட நம்ம வீட்டுல வந்து இரும்மா, ஒனக்கு என்ன கொறைன்னு. கொறை ஒண்ணும் இருக்காதுங்க. எங்க அக்கா பிரகதீஸ்வரியும் இப்பிடித்தான் வித்துக் குடுத்துட்டு மவன் வீட்டுக்குப் போனா. ஏசி ரூம்பு. போன வாரம் போன் பண்ணி ரகசியம் மாதிரி பேசுறா. கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து தீந்து போச்சாம். மருமவ மொகம் நல்லாருக்குற நேரமாப் பாத்துக் கேக்கணுமாம். அவங்க கெட்டவங்க இல்லீங்க, கேட்டா வாங்கிக் குடுப்பாங்க. ஆனா கேக்கணும். நான் கேட்டது போதும்.

எங்க வயலு தரிசாக் கெடக்குன்னுதானே மவன் ஒங்ககிட்ட சொன்னான்? அவன் மேல தப்பில்ல. எங்க பக்கம் சாவு விழுந்த வீட்டுல வருஷம் திரும்பாம நல்லது எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க. முதல் கை விதையும் தாலியோட இருக்குறவதான் தெளிக்கணும். மருமவ சென்னையில, நான் இப்பிடி. யாரு விதைக்கப் போறான்னு அவனாவே முடிவு பண்ணிட்டான். போன்ல சாப்டியான்னு கேட்டான், விதைச்சியான்னு கேக்கல.

நீங்க போர்செட்டுக்குக் கெழக்கால நின்னு போட்டோ எடுத்தீங்களே, கோரை மண்டிக் கெடக்குற வயலு, அது அண்ணாதுரையோடது. அவரு திருப்பூரோட போய்ட்டாரு. பேசிப் பாருங்க, குடுத்தாலும் குடுப்பாரு.

மேலண்டையில நல்லாருக்குன்னீங்களே, அதுதாங்க எங்களுது.

ஆத்துல தண்ணி வந்ததும் அஹமது கபீர் ட்ராக்டர விட்டுச் சேறு அடிச்சாரு. முதல் கைக்கு யாரையாச்சும் கூப்புடட்டுமா அக்கான்னு தயங்குனாரு. எதுக்குன்னு நானே எறங்கித் தெளிச்சுட்டேன். ஊரே வரப்புல வந்து நின்னு, மொளைக்குதான்னு பாத்துச்சு. நெல்லுக்கு எந்தக் கைன்னு தெரியல போலருக்கு, மொளைச்சுட்டுது.

பத்தரத்துல எங் கையெழுத்தும் வேணும்னு ஒங்களுக்கே தெரியும். போடமாட்டேன். ஒங்க பெட்ரோல் செலவ மவன்கிட்ட வாங்கிக்கிடுங்க.

போறப்ப அந்தப் பயிர ஒரு போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிருங்க தம்பி. அவன் இன்னும் பாக்கல.