இரு கரைப் பாதைகளும் ஒரு பலகைப் பாலமும்

நாளெல்லாம் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, அந்தக் களைப்பு முகத்தில் தெரியாமல் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் நகர்மன்றத் தலைவர் அவர்களே! இத்தனை காலம் நம்மோடு போட்டி போட்டு, இன்று அவருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருக்கும் பக்கத்து ஊர்த் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தையும் கூடவே சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, பூட்டு விழுந்ததா என்று அடிக்கொருதரம் திரும்பிப் பார்க்கும் தோழர்களே! உங்கள் அனைவரையும் நெஞ்சார வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். உங்களை எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை நடத்துகிறவள் நான். இங்கே யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு, யாருக்கு மூட்டுவலி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பயப்படாதீர்கள், மேடையில் சொல்லமாட்டேன். யார் அங்கே சிரிப்பது? ஐயா, நீங்கள் சிரிக்காதீர்கள். உங்கள் மருந்துச்சீட்டு என் மேசை மேலேயே இருக்கிறது!

நான்கு ஊர் மிதிவண்டித் திட்டக் குழுவுக்கு நான் ஒருங்கிணைப்பாளர் ஆனபோது என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஊரே சைக்கிள் மிதிச்சு ஆரோக்கியமாயிட்டா நம்ம கடையில யார் மருந்து வாங்குவா?" நியாயமான கேள்வி. "கால் வலிக்குத் தைலம் வாங்குவாங்க, கவலைப்படாதீங்க" என்றேன்.

இது என்ன திட்டம்? பந்தயத்துக்கா? இல்லை. பகட்டுக்கா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் பளபளக்கும் உடுப்பில் ஊர்வலம் போய்ப் படம் எடுத்துக்கொள்வதற்கா? இல்லவே இல்லை! பால் வாங்கப் போக, பள்ளிக்குப் போக, பணிக்குப் போக, பல் பிடுங்கப் போக, அன்றாடம் போக, அச்சமின்றிப் போக! நான்கு ஊர்களையும் ஒரே பாதையால் கோப்பதற்கே இந்தத் திட்டம். மருத்துவமனை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் வண்டி நிறுத்தக் கூரை போட்ட இடம். வளர்ந்த பிறகு ஓட்டக் கற்றுக்கொள்ள வெட்கப்படும் பெண்களுக்குப் பள்ளி மைதானத்தில் மாலை வகுப்பு. அந்த வகுப்பில் முதலில் கீழே விழுந்தவள் நான்தான் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான்கு ஊரும் சேர வேண்டிய அவசியம் என்ன, அவரவர் ஊருக்கு அவரவர் பாதை போட்டால் ஆகாதா என்று கேட்கிறார்கள். போட்டோமே! அந்தக் கதையை மறந்துவிட்டீர்களா?

நம் ஊர் பாதை போட்டது, வாய்க்காலின் இடக்கரையிலே. பக்கத்து ஊரும் பாதை போட்டது, அதே வாய்க்காலின் வலக்கரையிலே! நாம் அவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் நம்மைக் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்னாவது? நாம் பச்சை வண்ணம் பூசினோம் என்று தெரிந்ததும் அவர்கள் சிவப்பு பூசினார்கள். அவர்கள் விளக்குக் கம்பம் நட்டார்கள் என்று தெரிந்ததும் நாம் அவர்களுடைய ஒவ்வொரு கம்பத்துக்கும் எதிரே இந்தக் கரையில் ஒரு பெஞ்சு போட்டோம். யார் முதலில் எல்லையைத் தொடுவது என்பதே இரண்டு ஊரிலும் பேச்சு.

தொட்டோம். இரண்டு ஊரும் ஒரே நாளில் தொட்டோம். இரண்டு தலைவர்களும் கத்தரிக்கோலோடு திறப்புவிழாவுக்கு வந்தார்கள். இவர் இந்தக் கரையில், அவர் அந்தக் கரையில், நடுவிலே வாய்க்கால்! இவர் அவருக்குக் கையசைத்தார். அவர் இவருக்குக் கையசைத்தார். வாத்துகள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு நீந்திப் போய்விட்டன. இன்று இருவரும் சிரிக்கிறீர்கள். அன்று மாலை நம் தலைவர் வீட்டிலிருந்து தலைவலி மாத்திரை வாங்க ஆள் வந்ததை நான் சொல்லவா?

சிரித்தது போதும். ஊரின் வீம்புக்கு விலை கொடுத்தது யார் என்று இப்போது சொல்கிறேன்.

என் தங்கை. பக்கத்து ஊர் மருத்துவமனையில் செவிலியர். காலை முறைக்கு அவள் விடியும் வேளையில் வார்டில் நிற்க வேண்டும். முதல் பேருந்தோ விடிந்த பிறகுதான் கிளம்பும். ஆகவே சைக்கிள். எல்லை வரைக்கும் பச்சைப் பாதையில் மகாராணி மாதிரிப் போவாள். எல்லையில் என்ன இருந்தது? மதகு. மதகின் மேல் என்ன இருந்தது? ஆள் ஒருவர் நடக்கும் அகலத்தில் ஒரு பலகை. அங்கே அவள் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி, பலகையில் பாதம் பாதமாக நடந்து அக்கரை சேர்வாள். மனிதரைச் சுமக்க வேண்டியது மிதிவண்டி! மிதிவண்டியை மனிதர் சுமப்பதற்கா இரண்டு ஊரும் பாதை போட்டோம்?

மழை பெய்த ஒருநாள், முழங்கால் சிராய்ப்போடு என் கடைக்கு வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பஞ்சு குடு. வீட்ல சொல்லிடாத."

"சைக்கிள் எங்கடி?"

"தண்ணியில கிடக்கு. எனக்கு நீச்சல் தெரியும், அதுக்குத் தெரியல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மருந்து போட்டு முடித்த பிறகுதான் மெதுவாக அடுத்ததைச் சொன்னாள். வார்டுக்கே அவளைத் தலைமைச் செவிலியராகப் போடுகிறார்களாம். எத்தனை வருட உழைப்பு! ஆனால் இனி தினமும் காலை முறைதான். "வேணாம்னு சொல்லிடப்போறேன்க்கா. தினம் தினம் அந்தப் பலகையில உயிரைக் கையில பிடிச்சிட்டுப் போக முடியாது."

திறமை இல்லாமல் ஒருத்தி பதவி உயர்வை விட்டால் வருந்தலாம். ஒரு வாய்க்கால் அகலத்துக்குப் பாதை இல்லாமல் விடுவதா? யாருக்காகப் போட்டோம் பச்சை? யாருக்காகப் பூசினார்கள் சிவப்பு?

இதைச் சொல்லி நான் அழைத்த பிறகுதான் நான்கு ஊர்க் குழுவும் முதல்முறையாக ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. ஒரு மாதத்துக்கு வாடகைப் பாலம் ஒன்றை, மதகை ஒட்டிய கடைவீதி முனையில் போட்டுப் பார்ப்பது, பாலம் இறங்கும் இடத்தில் வண்டிகள் நிற்பதை நிறுத்துவது என்று முடிவாயிற்று. முடிவாயிற்றோ இல்லையோ, கடைவீதியே கொதித்தது! கொதித்தவர்களுக்குத் தலைவர் யார்? அதோ, மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, டைல்ஸ் கடைக்காரர். அவர் வேறு யாருமல்ல, என் தங்கையின் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை!

நேரே என் கடைக்கு வந்தார். "ஏன்க்கா, நீங்க மாத்திரை விக்கிறீங்க, சட்டைப் பையில போட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு பெட்டி டைல்ஸை எவன் சைக்கிள்ல வெச்சுக் கொண்டுபோவான்?"

மாப்பிள்ளை கேட்டது சரி. அவர் கேட்டிராவிட்டால் எங்களுக்கு உறைத்திருக்காது. அதனால் திட்டத்தைத் திருத்தினோம். சரக்கு ஏற்றி இறக்கக் கடைவாசலிலேயே இடம். நாள் முழுக்க நிற்கும் வண்டிகளுக்குச் சந்தைக்குப் பின்னால் இடம். அப்படி நாள் முழுக்க நின்றவை யாருடைய வண்டிகள் தெரியுமா? வாடிக்கையாளர்களுடையவையா? கடைக்காரர்களுடையவை! ஏன் இப்போது எல்லாரும் கூரையைப் பார்க்கிறீர்கள்? கூரை நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஒரு மாதம் முடிந்தது. இன்று இந்த அவை கை உயர்த்தினால் வாடகைப் பாலம் நிலைத்த பாலமாகும். நான்கு ஊர்த் திட்டத்துக்கு அது முதல் முடிச்சாகும். உயர்த்தாவிட்டால் நாளைக் காலை ஆட்கள் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த ஒரு மாதமும் காலை முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்த என் தங்கை, மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நாளைக் காலைதான். இப்போது உங்கள் முன்னால் நிற்பது திட்டம் மட்டுமல்ல, தோழர்களே! வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் காலைப் பொழுது! பரீட்சைக்குப் போகும் ஒரு பிள்ளையின் காலை! யாரையும் எதிர்பார்க்காமல் மருத்துவரிடம் போய்வர நினைக்கும் ஒரு தாயின் காலை! அந்தக் காலைகளைக் கழற்றச் சொல்லப் போகிறோமா, நிலைநிறுத்தச் சொல்லப் போகிறோமா?

என்ன மாப்பிள்ளை, எழுந்துவிட்டீர்கள்? கிளம்புகிறீர்களா? பேச வேண்டுமா? தாராளமாக. ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள். எல்லோரும் சற்று அமைதி!

"எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. அந்தப் பாலத்துல ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கு. மதகுப் பக்கம் வெறும் கயிறு. அவ அந்த இடம் வந்ததும் பயந்து இறங்கி, தள்ளிட்டுத்தான் போறா. தினமும் பார்க்கிறேன். ரெண்டு பக்கமும் கைப்பிடி போடுங்க. அவ்வளவுதான்."

கேட்டீர்களா? தினமும் பார்க்கிறாராம்! டைல்ஸ் கடை திறப்பது பொழுது நன்றாக ஏறிய பிறகு. என் தங்கை பாலம் கடப்பது இருள் பிரியும் நேரத்தில். பூட்டிய கடைவாசலில் அந்த நேரத்தில் இவருக்கு என்ன வேலை? தங்கச்சி, தாய்மார்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாயே, உனக்குத் தெரியுமா? தெரியாதாம். தலையை ஆட்டுகிறாள். ஒரு மாதமாக அவள் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறாள். அவள் அக்கரை சேரும்வரை இவர் இந்தக் கரையில் நின்றிருக்கிறார்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

வணிகப் பெருமக்களே, உங்கள் தலைவர் பேசிவிட்டார். கழற்றப்போகும் பாலத்துக்கு யாராவது கைப்பிடி கேட்பார்களா? இனி நான் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. பாலம் வேண்டும் என்போர் கை உயர்த்துங்கள்!

ஆகா! போதும், இறக்குங்கள், இறக்குங்கள். ஐயா, நீங்கள் இரண்டு கையையும் தூக்காதீர்கள். தோள்பட்டை வலிக்கு நேற்றுத்தான் மருந்து வாங்கினீர்கள்!

தலைமை தாங்கிய பெருமகனுக்கும், கரை தாண்டி வந்த பக்கத்து ஊர்த் தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், எங்களைத் திருத்திய கடைவீதிக்கும் என் நன்றி. நாளைக் காலை பாலத்தைக் கழற்ற வருகிறவர்களிடம் யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள்: திருகுசாவி வேண்டாம், கைப்பிடிக்கு அளவெடுக்க நாடா மட்டும் கொண்டுவந்தால் போதும். வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேருங்கள். வணக்கம்.