எழுத்து முடியட்டும்

மலையில் கரண்ட் போனால் எனக்கு மனசு லேசாகிவிடும். மற்றவர்கள் திட்டிக்கொண்டே மெழுகுவர்த்தி தேடுவார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். டியூப்லைட், டி.வி., கிணற்று மோட்டார் எல்லாம் அடங்கிய பிறகு ரேடியோவில் கேட்கிற அமைதி இருக்கிறதே, அது கீழே எங்கேயும் கிடைக்காது. அந்த அமைதிக்காகத்தான் மலைமேல் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் வீடு கட்டினேன். எனக்குச் சொந்த ஊர் அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம். அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். டெலிபோன் இலாகாவில் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். மனைவி மேனகா வரவில்லை. நாமக்கல்லில் அவளுக்குப் பள்ளிக்கூட வேலை. மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருவாள், கொண்டைஊசி வளைவுகளில் தலை சுற்றி, வந்ததும் படுத்துவிடுவாள்.

நீங்கள் கேட்டது குப்புசாமியைப் பற்றி. சொல்கிறேன். ஆனால் என் வேலை என்னவென்று தெரியாவிட்டால் அன்று நடந்தது உங்களுக்கு ஏதோ கோபத்தில் நடந்த மாதிரித் தோன்றும். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது.

நான் அமெச்சூர் ரேடியோக்காரன். உலகம் முழுக்க எங்களைப் போல் ஆட்கள் இருக்கிறார்கள்; வீட்டில் ரேடியோ பெட்டி வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசுவோம். அதிலும் நான் எடுத்துக்கொண்டது மிகத் தாழ்ந்த அலைவரிசை. அங்கே ஒரு அலையின் நீளமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு நீள அலையை வீட்டுத் தோட்டத்திலிருந்து அனுப்புவது, சங்கால் குளத்தை இறைப்பது மாதிரி. நூற்றுக்கணக்கான வாட் கொடுத்தாலும் காற்றில் போய்ச் சேர்வது ஒரு வாட்டுக்கும் குறைவு. காதால் கேட்கவே முடியாது. அதனால் மெதுவாக அனுப்புவோம். தந்தி எழுத்துதான், புள்ளியும் கோடும். ஆனால் ஒரு புள்ளி ஒரு நிமிஷம், ஒரு கோடு மூன்று நிமிஷம். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் திரையில் இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய கீற்று விழும். ஒரு எழுத்து முடிவதற்குள் உலை கொதித்துவிடும்.

அந்த அலைவரிசையில் அனுப்ப என் லைசென்ஸில் அனுமதி இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சர்வீஸ் முழுக்க ஒரு மெமோ வாங்காதவன் நான். அனுமதி இல்லாமல் அனுப்பினேன் என்பதை உங்கள் முன்னால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விக்டர் என்று ஒருவர். அவரை நான் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. நான் அனுப்புவேன், அவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு டெலிபோன் லைனில் மெயில் வரும். மூன்று குளிர்காலம் முயன்றோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இந்தத் தேசத்திலிருந்து அந்த அலையில் அவ்வளவு தூரம் யாரும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதற்கு நீளமான கம்பி வேண்டும். என் வீட்டுப் பலாமரத்திலிருந்து சரிவுக்கு மேலே இழுத்துக்கொண்டுபோய், மறுமுனையை எங்காவது உயரத்தில் கட்ட வேண்டும். அந்த உயரம் குப்புசாமியின் மிளகுத் தோட்டத்தில் இருந்தது. மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்களில் கடைசி மரம், பாறைக்குப் பக்கத்தில் நிற்பது.

குப்புசாமி நல்ல மனிதர். கேட்டதும் சரி என்றார். "மரம் சும்மாதானுங்களே சார் நிக்குது, கட்டிக்குங்க" என்று சொல்லி, அவரே வெறுங்காலோடு உச்சிக்கு ஏறி, கம்பி மரத்தில் படாமலிருக்கப் பீங்கானை வைத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். எனக்கு அப்படி ஏறத் தெரியாது. அவருடைய மனைவி பொன்னாயி கீழே நின்று, "பாத்து, கொடி ஒடிஞ்சிரப் போவுது" என்று கத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்களுக்குள் முன்விரோதம் என்று யாராவது எழுதினால் அது தப்பு.

பெட்டி வேலை செய்யும்போது அந்தக் கம்பியின் கடைசி முனையில்தான் அழுத்தம் அதிகம். பல ஆயிரம் வோல்ட் நிற்கும். வீட்டுக் கரண்ட் மாதிரி உதறித் தள்ளாது. தொட்ட இடம் வேகும், அவ்வளவுதான். பக்கத்தில் வேறு கம்பியோ இரும்போ இருந்தால் அதிலும் கொஞ்சம் ஏறும்.

பொன்னாயி துணி காயப்போடுகிற கம்பி என் கம்பிக்கு நேர் கீழே இருந்தது. தை மாதம் ஒரு சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்கப் போனவருக்குக் கை வெந்துவிட்டது. குப்புசாமி அவரை அழைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க சார், இதப் பாருங்க. தொட்டதும் சுரீர்னுச்சாம். தீயே இல்லீங்க, எப்படிங்க வேவும்?"

விரல் நுனியில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. பார்க்கச் சின்னதுதான், ஆனால் உள்ளே ஆழம் போயிருக்கும். களிம்பு கொடுத்தேன். பொழுது சாய்ந்த பிறகு அந்தக் கம்பியைத் தொட வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன். பொன்னாயி என்னைப் பார்க்காமல் புருஷனிடம் சொன்னார். "நம்ம ஊட்டுத் துணிய நாம எடுக்கறதுக்கு நேரங்காலம் பாக்கோணுமா?"

நியாயமான கேள்விதான்.

பிறகு அவர்களுடைய கன்றுக்குட்டி. தகரக் கொட்டகையின் இரும்புத் தூணில் உரசிக்கொண்டு நின்றது, மூக்கில் பட்டுவிட்டது. அதன் பிறகு கொட்டகைக்குள் நுழையவே மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். அதற்குப் பிறகு குப்புசாமி தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், கம்பிய வேற எங்கியாச்சும் மாத்திக்குங்க. ஊட்டுல நிம்மதி இல்லீங்க."

"மாசி பிறக்கட்டும், மாத்திடலாம் குப்புசாமி."

"இல்லீங்க சார். நாளைக்குச் செம்மேடு போறேன். பொழுதோட வந்து நானே அவுத்துருவேன். நானு கட்டுனதுதானுங்களே. நீங்க பெட்டிய மட்டும் அணைச்சு வெச்சிருங்க."

"சரி" என்றேன்.

அதே இரவு விக்டரிடமிருந்து மெயில் வந்தது. அவருக்கு உடம்பு சரியில்லை, மகன் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், அடுக்குமாடி வீடு, அங்கே ஆண்டெனா கட்ட முடியாது. நாளை மாலைதான் கடைசி. இதுவரை என் அழைப்புக்குறியில், அதாவது ரேடியோவில் என் பெயர் மாதிரி இருக்கிற எழுத்துகளில், கடைசி எழுத்தைத் தவிர எல்லாம் அவருக்குத் தெளிவாக விழுந்திருந்தன. அந்த ஒரு எழுத்து மட்டும் ஒவ்வொரு முறையும் இரைச்சலில் கரைந்துபோயிருந்தது. அது இல்லாமல் தொடர்பு செல்லாது. எங்கள் வழக்கத்தில் இதில் சலுகை கிடையாது. இருக்கவும் கூடாது.

குப்புசாமியிடம் போய் ஒரு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காலையில் போனேன். முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டிருந்தார். பொன்னாயியிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அந்தம்மா நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் மிளகு உதிர்ப்பதை நிறுத்தவில்லை.

அன்று சூரியன் இறங்கியதும் ஆரம்பித்தேன். இங்கே இருட்ட ஆரம்பிக்கும்போது அந்தப் பக்கம் முழு இரவு. நடுவில் உள்ள தூரம் முழுக்க இருட்டாக இருந்தால்தான் இந்த அலை போகும். பனி இல்லை, இடி இரைச்சல் இல்லை. மூன்று வருஷத்தில் அப்படி ஒரு மாலை கிடைத்ததில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

முதல் வாக்குமூலத்தில், நான் பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன், குப்புசாமி ஏறியது தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். என் மேசை ஜன்னலோரம். அந்த மரம் ஜன்னலுக்கு நேராகத் தெரியும். நிலா வெளிச்சமும் இருந்தது. தோளில் மூங்கில் ஏணியோடு அவர் வந்தது தெரிந்தது. ஏணியைச் சாய்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டியது தெரிந்தது. இடுப்பில் அரிவாள் இருந்தது.

கடைசி எழுத்து கோடு, புள்ளி, கோடு. முதல் கோட்டில் அவர் ஏணியில் இருந்தார். புள்ளி போகும்போது ஏணியை விட்டுக் கிளைகளுக்குள் போய்விட்டார். இடுப்புக் கயிற்றை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மிளகு பறிப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். இரண்டாவது கோடு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் பெட்டியின் மீட்டர் முள் சடாரென்று இறங்கியது.

கம்பியில் ஏதாவது பட்டால் அப்படித்தான் இறங்கும். ஒரு கிளை பட்டாலும் இறங்கும். அப்போது பின்பக்கத்தில் இருக்கிற கம்பிச் சுருளைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். மேசையிலிருந்தே திருப்ப ஒரு மரப்பிடி வைத்திருக்கிறேன். திருப்பினேன். முள் மெதுவாக ஏறி, பழைய இடத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது.

ஆமாம், என்ன பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சத்தமும் கேட்டது.

பொன்னாயி ஓடி வந்தார். நீங்கள் அவரிடம் விசாரித்திருப்பீர்கள், அவர் சொன்னது எல்லாமே உண்மை. "சாமி, நிறுத்துங்க சாமி, அவரு மேல தொங்கறாருங்க, புகையுதுங்க சாமி" என்றார். என் காலைப் பிடித்தார். அதுவரை அந்தம்மா என்னைச் சாமி என்று கூப்பிட்டதில்லை.

"கொஞ்சம் பொறுங்க, இந்த எழுத்து முடியட்டும்" என்றேன்.

அந்தம்மா புத்திசாலி. வெளியே ஓடி மீட்டர் பலகையிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தார். வீடு இருட்டாயிற்று. ஆனால் பெட்டி லாரி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும்? திரும்ப உள்ளே வந்து, மின்னிக்கொண்டிருந்த மீட்டரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு எனக்கு இப்போதும் நினைவில் இருக்கிறது. என் வீட்டுப் பின்பக்கத்தில் சுருள் இருக்கிற தகரக் கொட்டகையை நோக்கிப் பாய்ந்தார். சுருளைத் தொட்டால் அவர் கதையும் முடிந்துவிடும். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி வைத்தேன். அவர் கையில் இருந்த காயம் அதனால் ஏற்பட்டதுதான், நான் அடிக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

கோடு முடிந்தது. பெட்டியை அணைத்தேன். அதன் பிறகு ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். இடுப்புக் கயிறு வெந்து அறுந்து, குப்புசாமி பாறையில் விழுந்திருந்தார். உயிர் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஜீப் வரும்வரை அவர் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காரவள்ளி இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. விழுந்த அடியில் இறந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் எழுதியிருக்கிறார்கள். அது சரிதான், ஆனால் முழுசாகச் சரி இல்லை.

மறுநாள் விக்டரின் மெயில் வந்தது. திரையின் படத்தையும் அனுப்பியிருந்தார். என் அழைப்புக்குறி முழுவதும் இருந்தது. கடைசிக் கோடு மட்டும் ஆரம்பத்தில் கொஞ்ச இடம் மங்கி, பிறகு தெளிந்திருந்தது. அங்கே பலத்த காற்றா என்று கேட்டிருந்தார். ஆமாம், காற்று என்று பதில் போட்டேன். வயதானவர், உடம்பும் சரியில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

காரியத்துக்குப் போனேன். யாரும் என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பொன்னாயி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்பியை அதற்குள் யாரோ வெட்டிச் சுருட்டி என் வாசலில் போட்டிருந்தார்கள்.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிடுவதாகச் சொன்னீர்கள். என் மேல் உள்ள மரியாதையில் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. வேண்டாம். எனக்கு எதுவும் அரைகுறையாக இருக்கக் கூடாது. நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. அது பொன்னாயிக்குத் தெரியாது. அந்தம்மா அப்போது தண்ணீருக்குப் போயிருந்தார்.

குப்புசாமி அப்படியே ஏறிவிடவில்லை. அவர் நிதானமான ஆள். ஏணியைச் சாய்த்த பிறகு, மரத்தடியில் நின்று என் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"சார்... பெட்டி அணைஞ்சிருக்குதுங்களா? ஏறலாமுங்களா?"

நான் ஜன்னலில் எழுந்து நின்றேன். அவருக்கு நன்றாகத் தெரியும்படி கையை அசைத்தேன்.

"அணைஞ்சிருக்கு குப்புசாமி. ஏறுங்க."

இதை நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் வாழ்க்கையில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அவரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்ட அந்த நேரத்தில் பெட்டி அணைந்துதான் இருந்தது. முந்தைய எழுத்து முடிந்திருந்தது, அடுத்ததை நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை.