பதினான்கு சுற்றுக்கு ஒரு கோப்பை

பூங்காவை ஒரு சுற்று வருவதற்குள் தமது வயதை மூன்று முறை சொல்லி நம்மை வெட்கப்பட வைக்கும் மன்றத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! காலையில் வியர்த்து, மாலையில் காணாமல் போகும் நடைவீரர்களே! அவர்கள் எங்கே காணாமல் போகிறார்கள் என்பதைத் துல்லியமாக அறிந்த தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

அதற்குள் சிரிக்கிறீர்களே தாய்மார்களே, நான் இன்னும் தொடங்கவே இல்லை!

நம் நடைப்பயிற்சி மன்றத்தின் சிறந்த நடையாளருக்கு நான் கோப்பை வழங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதோ, மேசைமேல் மின்னுகிறது. வழங்கிய பின் நடப்பதும் உங்களுக்குத் தெரியும். கோப்பை பின்னறைக்குப் போகும். அதில் ஊற்றுவார்கள். முதல் மடக்கு வென்றவருக்கு, மீதி மற்றவர்களுக்கு. ஆரோக்கியத்தை நாம் அப்படித்தான் கொண்டாடுகிறோம்! இன்றும் ஐஸ் பெட்டி வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன்.

ஆனால் வாசலில் ஒரு பெண்மணி என்னை நிறுத்தினார். கோப்பை பெறப்போகிறவரின் மனைவி. "அண்ணே, மேடையில நீங்க என்ன வேணாலும் பேசுங்க. அவர் கையில மட்டும் அந்தக் கோப்பையக் குடுத்துடாதீங்க" என்றார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "முழுசாச் சொல்லுங்கண்ணே. பாதியில விட்டா மீதிய இவங்களே சேத்துக்குவாங்க" என்றார்.

நம் மன்றத்துக்கு ஒப்பற்ற கொள்கை ஒன்று உண்டு. ஒரு சுற்று நடந்தால் ஒரு கிளாஸ் கரைந்துவிடும்! எந்த மருத்துவர் சொன்னார்? எந்த நூல் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நமக்கு வசதியாக இருந்தது, ஆகவே உண்மையாகிவிட்டது. பூங்கா வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம். யார் எத்தனை சுற்று என்று சாக்பீஸால் எழுதினோம். முதல் ஆண்டு மெக்கானிக் பெயருக்கு நேரே ஆறு. மறு ஆண்டு ஒன்பது. அதற்கடுத்த ஆண்டு பதினான்கு! கைதட்டினோம். நடைச் சக்கரவர்த்தி என்று பட்டம் கொடுத்தோம். நானே பத்திரிகையில் படத்தோடு எழுதினேன். ஒரு மனிதருக்குப் பதினான்கு சுற்று ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டோமா? கேள்வி கேட்டே பிழைக்கும் நானாவது கேட்டேனா?

ஒரே ஒருவர்தான் அந்தப் பலகையைச் சரியாகப் படித்தார். "அவர் எவ்வளவு நடந்தார்னு நீங்கல்லாம் படிச்சீங்கண்ணே. முந்தின நாள் எவ்வளவு குடிச்சார்னு நான் படிச்சேன்" என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார்.

வீட்டில் அவர் கேட்டபோதெல்லாம் மெக்கானிக் தொழில்முறை விளக்கம் தருவார். "லிஃப்டுல ஒரு பக்கம் கூண்டு தொங்குது. மறுபக்கம் எதிர் எடை தொங்குது. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போகுதா இல்லையா? சாயங்காலம் குடிக்கிறது கூண்டு, காலையில நடக்கிறது எதிர் எடை. நீ சும்மா இரு!"

போன மழைக்காலத்தில், பதினோராம் சுற்றில் விழுந்தார். "பதினொண்ணுன்னு எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினார்! என்ன கேட்கிறீர்கள்? எழுதினோமா என்றா? எழுதினோம், பதினான்குக்குக் கீழே. செயலாளர் ஏன் கூரையைப் பார்க்கிறார் என்று இப்போது புரிகிறதா?

மருத்துவமனையில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டாக்டரம்மா, இனிமே எத்தனை சுத்து நடக்கலாம்?"

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நடக்கிறது நல்லதுதான் சார். கல்லீரல்ல படியிற கொழுப்பக் குறைக்கும். மனசுக்குத் தெம்பு தரும். குடிய விடுறவங்களுக்குத் துணையாக்கூட இருக்கும். ஆனா நேத்து குடிச்சத இன்னைக்கு நடை அழிக்காது. குடி உடம்புத் தண்ணிய வத்த வைக்கும், தூக்கத்தக் கெடுக்கும், இதயத் துடிப்பத் தாளம் தப்ப வைக்கும். அப்படிப்பட்ட உடம்ப விடிஞ்சதும் பதினாலு சுத்து விரட்டினா, அதுக்குப் பேரு உடற்பயிற்சி இல்ல."

"வேற என்ன பேரு?"

"டபுள் டியூட்டி. ராத்திரி பூரா வேலை பார்த்த உடம்புக்குக் காலையிலயும் லீவு இல்ல."

சரி, இன்றோடு குடியை விட்டுவிடுகிறேன் என்று எழுந்தார் நம் வீரர். அதற்கும் அந்த அம்மா தடை போட்டார். "இவ்வளவு குடிச்சவர் தானா சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. எங்க கண்ணு முன்னாடி, மருந்தோட நிறுத்துங்க."

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் மனைவியிடம் சொன்னதுதான் இன்றைய விழாவின் சிறப்புரை. நான் பேசுவது வெறும் முன்னுரை. "ஒண்ண மறந்துட்டேன்டி. கூண்டையும் எதிர் எடையையும் தாங்குறது ஒரே கயிறு. ரெண்டு பக்கமும் நான் ஏத்திக்கிட்டே போனேன். கயிற ஒரு நாளும் பார்க்கல."

அன்பர்களே! மாலையில் இழுபட்டது அந்தக் கயிறு. காலையில் இழுபட்டதும் அந்தக் கயிறு. நாம் கைதட்டியபோது நைந்தது அந்தக் கயிறு. நான் பாராட்டி எழுதியபோது, இழை இழையாகப் பிரிந்ததும் அந்தக் கயிறே!

மூன்று மாதமாக அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. மனைவியோடு இரண்டு சுற்று நடக்கிறார். ஆனாலும் பழைய எண்ணிக்கையை யாராலும் எட்ட முடியவில்லையாம், ஆகவே கோப்பை அவருக்கே என்று குழு முடிவு செய்திருக்கிறது. என்ன நியாயம்! எந்தக் குடி அவரை வீழ்த்தியதோ, அதன் கணக்கில் பரிசு. பரிசுக்குள் மறுபடியும் அதே குடி!

தலைவர் மன்னிக்க வேண்டும். இந்தக் கோப்பையை நான் தொடப்போவதில்லை. மேடை அலங்காரத்துக்கு அந்தக் கரும்பலகையையும் கொண்டுவந்திருக்கிறீர்கள், நல்லதாயிற்று. தங்கச்சி, மேலே வாம்மா. அழிப்பான் பலகைக்குக் கீழேதான் இருக்கிறது. அந்தப் பதினான்கை உன் கையால் அழி.

என்ன மெக்கானிக், எழுந்துவிட்டீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்.

"அழிச்சிட்டு ரெண்டுன்னு எழுதுடி! உன் பேரையும் சேத்து எழுது!"

கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள் கையை. இந்த மன்றம் இத்தனை ஆண்டில் சரியான இடத்தில் கைதட்டுவது இதுதான் முதல் முறை.

செயலாளரே, ஐஸ் பெட்டியை வந்த வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள். நடக்கவே பிறந்தவர்களாகிய நீங்கள் இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதற்கு என் நன்றி. நாளைக் காலை பூங்காவில் சந்திப்போம். மாலையிலும் அங்கேயே சந்திப்போம். வணக்கம்!